மகஜரில் நான்காவது

வலை ஒன்று.
நெற்றியில் கட்டும் டார்ச் இரண்டு.
ஈட்டி, மூங்கில் பிடி, ஒன்று.
நாய் ஒன்று. செவலை. ஆண்.
இடது விலாவில் பன்றி கிழித்த பழைய தழும்பு.

தாண்டிக்குடி வளைவுகளைத் தாண்டி
ஜீப்பின் பின்னால், பிடிபட்ட வலையின் மேலேயே
சுருண்டு உட்கார்ந்து வந்தது.
பாரஸ்டர் குணாளன் பேனாவை நீட்டினார்.
"கேஸ் முடியிற வரைக்கும்தான் மேடம்.
வலையை ஆபீஸ்ல பூட்டி வச்சுட்டோம்.
இதை எங்க பூட்டுறது?"

பண்ணைக்காட்டில், காபிச் சரிவின் அடியில் என் வீடு.
ஏற்கெனவே மூன்று பேர் உண்டு.
மூன்று காலில் நிற்கும் சோடா,
கண் தெரியாத கிழவி பவுனு,
யாரையும் நம்பாத, யாரையும் போகவிடாத தாசில்தார்.

வந்தது குரைக்கவில்லை.
தட்டில் வைத்தால் தொடவில்லை, தரையில் கொட்டவேண்டும்.
தின்றதும் நாலு எட்டு பின்னால் போய்
எங்கள் கைகளைப் பார்க்கும்.
முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.
படி தெரியாது. கண்ணாடி தெரியாது.
பீரோவுக்குள் மெலிந்த ஒருவன் நிற்பதைக் கண்டு
தன் சோற்றை அவனுக்கு விட்டு
ஒதுங்கி நின்றது.

மூன்றாம் நாள், காலை ஏழரை, குக்கரின் முதல் விசில்.
வீடெங்கும் சட்டென்று ஒரு நாய் நிமிர்ந்தது.
வாசல் கதவின் கீழ்ச்சந்தில் மூக்கு,
பின்தொடை நடுக்கம்,
எந்தப் புதரைக் காட்டப்போகிறாய் என்று
கழுத்தை மட்டும் திருப்பி என்னை.
அடுப்பில் இருந்ததோ துவரம்பருப்பு.

அன்றிலிருந்து திறந்த சட்டிதான்.
மலையில் பருப்பு லேசில் வேகாது.
சகாயம் சிலிண்டர் மாற்றிய தேதிகளைக்
காலண்டரில் வட்டமிட்டார், ஒன்றும் சொல்லாமல்,
எல்லாரும் பார்க்கும்படி.

பிறகு அந்தக் கோழி.
எஸ்தரக்கா வீட்டுக் கோழியைக் கவ்விவந்து
என் காலடியில் வைத்துவிட்டு,
தலையைத் தாழ்த்தி,
தன் பங்குக் குடலுக்குக் காத்திருந்தது.
கோழி எழுந்தது. சிறகை உதறியது.
வசவுபோல ஒரு கொக்கரிப்பு,
அவரைப் பந்தலுக்குள் நடந்துபோயிற்று.
நான் அதைப் பார்த்தேன், அது என் கையைப் பார்த்தது.
அடுத்தது என்னவென்று இருவருக்கும் தெரியவில்லை.
தாசில்தார்தான் வந்து இடத்தை மோந்து
ஒரு காலைத் தூக்கி
விவகாரத்தை முடித்துவைத்தான்.
முட்டை நின்றதற்கு அறுநூறு கொடுத்தேன்.

இரவில் ஓடும்.
மேகம் ஜன்னல்வரை வந்து நிற்க,
படுத்த இடத்திலேயே, நாலு காலும், காடு முழுக்க.
பவுனு அந்தச் சத்தத்தைப் பிடித்தபடி
சுவரில் இருமுறை இடித்துக்கொண்டு போய்
ஓடுகிற கால்களின் மேல்
தன் முழு எடையையும் போட்டுப் படுப்பாள்.
பாசம் என்று சொல்ல ஆசைதான்.
அவளுக்குக் குளிர்.

கொடைக்கானல் கோர்ட்டில் வாய்தா. மறுபடி வாய்தா.
மூன்றாவதற்கு வராந்தாவில் பக்கத்தில் வந்து நின்றார்
முதல் எதிரி. கசங்காத சட்டை, இன்றைக்கென்று வாங்கியது.
"தட்டுல வச்சா திங்காதும்மா" என்றார்.
தெரியும் என்றேன்.
"வெடிச்சத்தத்துக்குப் பயப்படாது. இடிக்குப் பயப்படும்."
பேர் என்ன வைத்திருந்தீர்கள்?
சுவரைப் பார்த்தார்.
"பேரெல்லாம் இல்ல. விசிலுதான்."

பங்குனிக்குத் தள்ளிவைத்தார்கள்.
பஸ்ஸில் வத்தலக்குண்டு வெயில் கீழே தெரிந்த வளைவில்
எனக்கு உறைத்தது.
இரண்டரை மாதமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு
யாரும் அவனைக் கூப்பிடவே இல்லை.

அன்று சாயங்காலம் பரணிலிருந்து குக்கரை இறக்கினேன்.
முதல் விசில். எழுந்து வாசலுக்குப் போனான்.
சோடா காதைக்கூட அசைக்கவில்லை.
இரண்டாவது. திரும்பி என்னைப் பார்த்தான்,
பிறகு படுத்துக்கிடந்த மூன்று பேரையும், ஒவ்வொருவராக.
மூன்றாவதற்கு நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான்.
படுக்கவில்லை. ஒரு காது இன்னும் கதவில்.

பருப்பு வெந்திருந்தது, ரொம்ப நாளைக்குப் பிறகு, குழைய.